பிடிபட்டவை

சீனக்குடாவில் கப்பல் கட்டினால்
மூன்று நாள் எங்களுக்குத் தூக்கமில்லை.
குழாய் உறிஞ்ச உறிஞ்ச
யாரோ விதைத்த கோதுமை
பட்டியில் ஏறி ஆலைக்குள் வரும்;
யாரோ தொலைத்த இரும்பும்
கூடவே வரும்.

அதைப் பிடிப்பது என் வேலை.
பொய். பிடிப்பது காந்தம்.
நான் துடைப்பேன், நிறுப்பேன்,
பதிவேட்டில் எழுதுவேன்:
ஆணி இரண்டு. முள்ளுக்கம்பித் துண்டு.
துருத்தூள் பதினொரு கிராம்.
ஒருமுறை, தையலூசியில் பாதி.
மற்றப் பாதி எந்தக் கடலுக்கு அப்பால்
எந்தச் சாக்கில் குத்திக்கொண்டு கிடக்கிறதோ.

பட்டிக்கு மேலே தொங்குவது மின்காந்தம்.
ஆளியைப் போட்டால்தான் அதற்கு ஆசை வரும்.
பழைய இரும்பு ஏற்றும் பாரந்தூக்கியில்
அதன் தமையன் ஒருவன் இருக்கிறான்:
ஒரு பஸ்ஸின் எலும்பு முழுவதையும்
அந்தரத்தில் தாங்கி நின்றுவிட்டு
மின்சாரம் நின்ற கணத்தில்
ஒன்றுமே அறியாதவன்போல் கைவிடுவான்.

சரிவுக்குழாயில் கறுப்புப் பெரைட் பாளங்கள்.
ஆளி இல்லை, சம்பளமும் இல்லை,
இரவு பகலாகப் பிடித்தபடியே இருக்கும்.
கடைசி வாசலில் நியோடிமியக் கோல்கள்.
விரல் மொத்தம்தான். ஆனாலும்
என் கைக்கடிகாரத்தை
மூன்றேகாலில் நிறுத்தி வைத்தவை அவைதாம்.

இரவு இரண்டு மணித் தேநீரில்
மின்பகுதி இம்தியாஸ் சொன்னான்:
'இரும்புக்குள்ள சின்னச் சின்னக் கூட்டம்.
ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிக்கும்,
மட்டிக்களித் தரிப்பில நாங்க நிக்கிற மாதிரி.
காந்தம் கிட்ட வந்தா
பஸ் வந்த மாதிரி
எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்.
அவ்வளவுதான்.
பஸ் போனதும் மெல்லிரும்பு மறந்திடும்.
உருக்கு கொஞ்சம் ஞாபகம் வைச்சிருக்கும்.
நல்லாச் சூடாக்கினா
காந்தத்துக்கே தான் ஆரெண்டு தெரியாமப் போகும்.'

'கன்னியா வெந்நீரில போட்டா?'
கேட்டாள் சுபோதினி.
'குளிக்கும். மறக்காது.'

சிரித்துவிட்டுப் பெருக்கப் போனவளின்
மோதிரம் நாலு மணிக்குக் கழன்றது.
கொட்டுவாய்க் கம்பிகளுக்கு நடுவே
ஒரு மினுக்கம், பிறகு கோதுமை.
கட்டாரிலிருந்து வந்து ரமணீகரன் போட்ட மோதிரம்.
நகைக்கடைக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி.

'காந்தத்தைக் கூட்டி வையுங்கோ அக்கா.'

எனக்குத் தெரியும். இம்தியாஸுக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே அவன் மின்னோட்டத்தைக் கூட்டினான்.
தெரிந்துகொண்டே நான்
ஒவ்வொரு கோலாக உறை உருவி
ஒட்டிக்கிடந்த தூளைத் தட்டிலே தட்டி
விரலால் அளைந்தேன்.
ஒரு குதிரைலாடத்தின் சில்லு.
ஒரு சுரை.
பொன்னைக் காந்தத்துக்குத் தெரியாது;
வெள்ளி, செம்பு, பித்தளை
ஒன்றையும் தெரியாது.
இத்தனை வலுவும் இத்தனை குருடும்
ஒரே உடம்பில் இருப்பதை நினைத்து
முதல்முறையாக எனக்கு
ஒரு உலோகத்தின் மேல் கோபம் வந்தது.

ஆறு மணிக்குக் கல்நீக்கியின் வாளியை மாற்றினோம்.
அது ஒரு சரிந்த தட்டு, அதிரும்,
கீழிருந்து காற்று ஊதும்.
இரும்பா பொன்னா என்று கேட்காது.
கனமா என்று மட்டும்தான் கேட்கும்.
கனமில்லாதது மிதந்து மாவாகப் போகும்.
வாளிக்குள்ளே கூழாங்கற்கள், மண்கட்டி,
அவற்றின் நடுவே
கொஞ்சம் நெளிந்து
மோதிரம்.

சுபோதினி அழவில்லை. ஊதினாள்.
மாச்சாக்கு தைக்கிற நூலை உள்வளையத்தில் சுற்றி
இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

நான் பதிவேட்டைத் திறந்தேன்.
'பிடிபட்டவை' நிரலில்
மோதிரம் ஒன்று என்று எழுதினேன்.
பிறகு யோசித்து வெட்டினேன்.
மேற்பார்வையாளர் கண்ணாடியை இறக்கி,
'இதென்ன வெட்டு?' என்றார்.
'பிழையா எழுதிட்டன் சேர்.'

சுரை ஒன்று. லாடச் சில்லு ஒன்று.
துருத்தூள் ஒன்பது கிராம்.